கார்த்திகேசு சாரை ஏற்றிக்கொள்ளாத லோரி

ஹலோ… ஹலோ… ஆமா டீச்சர், அர்ஜுனன்தான் பேசறேன். லோரி அர்ஜுனன்… இருக்காரு, இருக்காரு. சார் உசுரோடதான் இருக்காரு… பதினோரு தடவ அடிச்சீங்களா? போன் சீட்டுக்கு அடியில விழுந்து கெடந்துச்சு டீச்சர், தக்காளிக் கூடைக்குப் பின்னால. இப்பத்தான் ஒரு தக்காளி பாவப்பட்டு உருட்டிக்கிட்டு வந்து குடுத்துச்சு…

சரி. சரி. வெளையாடல.

ஆஸ்பத்திரியா? எதுக்கு ஆஸ்பத்திரி?… ஓ. முடிவுக் கோட்டுல நிக்கிற போட்டிக்காரங்க அப்படியா சொன்னாங்க உங்ககிட்ட? 'ரெண்டரைக்கே ஆளை லோரியில ஏத்தியாச்சு'ன்னா?… ம்… யாரு சொல்லியிருப்பாங்கன்னு தெரியலையே. அதை அப்புறமா பேசிக்குவோம்லா.

இல்ல டீச்சர், ஏத்தல. உங்க வீட்டுக்காரரு என் லோரியில இல்ல. லோரிக்கு முன்னாடி இருக்காரு. சைக்கிள்ல… ஆமா, இன்னும் மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு. மிதிக்கிறாருன்னா… கால் மேலயும் கீழயும் போகுது, அதை என் கண்ணால பாக்குறேன். சைக்கிள் நகருதான்னு கேட்டீங்கன்னா ரோட்டோரத்து மரத்தை வச்சுத்தான் கணக்குப் பண்ணணும். உங்ககிட்ட பேச ஆரம்பிச்சப்ப ஒரு மரம் அவருக்குச் சமமா நின்னுச்சு. இப்ப அது கொஞ்சம் பின்னால போயிருச்சு. அப்ப நகருறாரு.

ஆமா… ஆமா… தெரியும் டீச்சர். இந்த சைக்கிள் ஓட்டத்து ரூல்ஸ் எனக்குத் தெரியாதா? காலையில கம்போங் ராஜாவுல புறப்பட்டு, லெம்பா பெர்த்தாம் வரைக்கும் இறங்கி, மறுபடி மலையேறி, நாலு மணிக்குள்ள தானா ராத்தாவுல முடிவுக் கோட்டுல நிக்கிற அந்தக் காத்தடைச்ச ரப்பர் வளைவைத் தாண்டணும். முடியாதவங்களைக் கடைசியில வர்ற லோரி ஏத்திக்கணும். கடைசியில வர்ற லோரி நான்தான். மூணு வருசமா நான்தானே… மத்தவங்க எல்லாம் முடிச்சாச்சு. முந்நூறு பேருல பாக்கி சார் ஒருத்தருதான்.

மணி மூணு நாப்பத்தொண்ணு. இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல கொஞ்சம் இருக்கு.

ஏன் இவ்வளவு நேரம்னா… நிதானமா வர்றாரு டீச்சர். இதுல பொய்யே இல்ல, கேளுங்க. ரிங்லட் தாண்டி பெரிய தேயிலைத் தோட்டத்துக்குள்ள ஒரு வளைவு இருக்குல்ல? சார் அந்த வளைவுக்குள்ள நுழையறப்ப பொம்பளைங்க கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தாங்க. வெளிய வர்றப்ப அதே செடியில மறுகொழுந்து விட்டிருச்சு. அதையும் எடுத்துக்கிட்டு இருந்தாங்க… ஏன் சிரிக்கிறீங்க?… சிரிக்கலையா? சரி, இருமுனீங்க.

பின்னாடி நிக்கிற காடிங்களைச் சொல்றீங்களா? கேக்குதா ஹாரன்? லீவு நாளு பாருங்க, ஸ்டிராபெரி பறிக்க வந்த கோலாலம்பூர்காரங்க. அதுல ஒருத்தரு காடிய நிறுத்தாமலே இறங்கிப் போயி, ஸ்டிராபெரி பறிச்சு, நிறுத்து வாங்கி, தின்னு முடிச்சு, நடந்து வந்து அதே காடியில ஏறிக்கிட்டாரு. என் மீட்டர் முள்ளு படுத்து ரெண்டு மணி நேரமாச்சு. லோரி ஓடுதுன்னு அதுக்கே தெரியல.

ம்… ம்… சொல்லுங்க… ஆமா… கேக்குறேன் டீச்சர்… அறுபது வயசு, ஆமா… சக்கரை இருக்கு, ஆமா… சப்பாத்து வேற காலையிலயே பல்லைக் காட்டுச்சா? நீங்க சொன்னீங்களா பழசைப் போடாதீங்கன்னு?… சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. அந்தச் சப்பாத்து அணைக்கட்டுகிட்டயே வாயைப் பொளந்துருச்சு. அடி தனியா, மேல் தனியா. கழட்டி என் லோரியில போட்டாச்சு…

அதுக்கப்புறம் வெறுங்கால்தான்.

ஆமா, வெறுங்கால்ல. ஏத்தத்துல தள்ளிக்கிட்டு நடக்குறாரு, சமதரையில ஏறி மிதிக்கிறாரு… டீச்சர், டீச்சர், கொஞ்சம்… நான் ஏத்த மாட்டேன்னு சொன்னேனா? ரெண்டு வருசமா நான்தானே ஏத்திக்கிட்டு வந்தேன்? கோபிஸ் காய்கறிக் கூடைங்களுக்கு நடுவுல உக்கார வச்சு, போர்வை போத்தி, பத்திரமாத்தானே கொண்டாந்து இறக்குனேன்? போன வருசம் இறங்குனப்ப அவரு மூஞ்சிய நீங்க பாத்தீங்களா? நான் பாத்தேன். கூடை இறக்குற பையன்கள்லாம் கை தட்டுனானுங்க. சார் கோபிஸ் இலையைத் தலையில இருந்து எடுத்துக்கிட்டு யாரையும் பாக்காம வீட்டுக்கு நடந்தாரு.

…ஆமா. அதான் சொல்றேன். இன்னும் மூணு வாரத்துல பென்சன். வீட்டைக் காலி பண்ணிட்டு ஈப்போவுக்கு இறங்கிடுவீங்க. இருபத்தாறு வருசமா இந்த மலையில நில ஆபீசுல உக்காந்து எழுதுனவரு, இறங்குறதுக்குள்ள ஒரு தடவயாவது தன் காலால ஏறி முடிக்கணும்னு நெனைக்கிறாரு. இன்னிக்கு விட்டா இனிமே எப்ப?

இல்ல, அவரு பிடிவாதம் பிடிக்கல. நிஜத்தைச் சொல்லணும்னா… அவரு விட்டுட்டாரு டீச்சர். ஒண்ணரை மணிக்கே. 'அர்ஜுனா, போதும்பா, முடியல, ஏறிக்கிறேன்'னாரு. ஒரு காலை என் லோரிப் படியில வச்சுட்டாரு.

…பின்ன ஏன் ஏத்தலையா?

ஏத்த முடியாமப் போச்சு.

சொல்றேன். சொல்றேன்னா நீங்க நம்பணும்… இல்ல, கொழுந்துக் கதை மாதிரி இல்ல. இதுல நான் ஒண்ணும் சேக்கல. இன்னிக்கு ஆடி ஞாயித்துக்கிழமை. தோட்டத்து மாரியம்மன் கோயில்ல பால்குடம். லயத்து வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் ரோட்டோரமா வாளியிலயும் குடத்துலயும் மஞ்சத்தண்ணி கரைச்சு, வேப்பிலை போட்டு, பால்குடம் வர்றதைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. பால்குடம் இன்னும் வரல. சார் வந்துட்டாரு.

என்னன்னு கேக்குறீங்களே டீச்சர்! நீங்களே யோசிச்சுப் பாருங்க. இந்த வருசம் போட்டிக்காரங்க குடுத்த சட்டை என்ன கலரு? மஞ்சள். நல்லா பளபளன்னு மஞ்சள். கால்ல சப்பாத்து இல்ல. நெத்தி நிறைய திருநீறு… யாரு பூசி விட்டது?… சைக்கிள் முன்னாடி எலுமிச்சம்பழம் தொங்குது… யாரு கட்டுனது?… நல்லதுக்குத்தான் கட்டுனீங்க, நான் இல்லங்கல. மூஞ்சியோ மூணு நாளா விரதம் இருந்த மாதிரி. சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணு சொருகி, தள்ளாடித் தள்ளாடி வர்றாரு. வேண்டுதல்காரருன்னு நெனைக்காம வேற என்ன நெனைப்பாங்க?

ஊத்திட்டாங்க.

ஆமா டீச்சர், மஞ்சத்தண்ணிய. கால்ல. ஒருத்தி இல்ல, வரிசையா பதினஞ்சு இருபது பேரு. லோரிப் படியில வச்ச காலை ஒரு பாட்டியம்மா பிடிச்சுக் கீழ இறக்கி வச்சு ஊத்துச்சு. வடிவம்மாள்னு கூப்பிட்டாங்க. சார் கவர்மெண்டு ஆளு பாருங்க, உண்மையைச் சொல்லிட்டாரு: 'அம்மா, நான் வேண்டுதல் எதுவும் எடுக்கல, சைக்கிள் ஓட்டத்துல கடைசி ஆளு'ன்னு. அதுக்கு அது என்ன சொல்லுச்சு தெரியுமா? 'வேண்டிக்கிட்டவங்க எங்கப்பா வாயைத் தொறந்து சொல்லியிருக்காங்க'ன்னுட்டு இன்னொரு குடத்தைக் கவுத்துச்சு. அப்புறம் என்கிட்ட திரும்பி, 'டேய் லோரி, இந்தக் காலை உன் வண்டியில ஏத்துன, அவ்வளவுதான்'னு விரலை ஆட்டுச்சு. எனக்கு எழுபத்தோரு வயசு டீச்சர். என்னை டேய்னு கூப்பிட இன்னும் ஒரு ஆள் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

…டீச்சர்?

…நான் என்ன சொன்னேனா அவங்ககிட்ட?

இல்ல, நான் எதுவும் சொல்லல அவங்ககிட்ட… ஒண்ணும் சொல்லல… கொஞ்சம்தான் சொன்னேன்… அதாவது அவங்க கேட்டாங்க, எங்க இருந்து வர்றாருன்னு. கம்போங் ராஜான்னு சொல்ல வாய் எடுத்தேன். பினாங்கு தண்ணிமலை முருகன் கோயில்னு வந்துருச்சு. என் வாய் அப்படிலா, நான் என்ன பண்ண… சைக்கிள்லேயே வர்றாருன்னும் சொன்னேன். எத்தனை நாளான்னு கேட்டாங்க. ஒம்பதுன்னேன்.

எதுக்கு வேண்டுதலா? அதையும் கேட்டாங்கதான்… திட்ட மாட்டீங்களே?… அவரு சம்சாரத்துக்கு முட்டிவலி, படி ஏற முடியல, அது போகணும்னு வேண்டியிருக்காருன்னு சொல்லிட்டேன்.

…உங்களுக்கு முட்டிவலின்னு எனக்கு எப்படித் தெரியுமா? நீங்க கோயில் படியில உக்காந்து உக்காந்து ஏறுறதை ஊரே பாக்குது… சாரு நான் சொன்னதைக் கேட்டுக்கிட்டு நின்னாரு. அந்தப் பொம்பளைங்க எல்லாம் உச்சுக் கொட்டுனாங்க. ரெண்டு பேரு அழுதாங்க. சார் ஈரக் காலைப் பாத்தாரு, படியைப் பாத்தாரு, சைக்கிளை எடுத்து நிமித்துனாரு. 'நட அர்ஜுனா'ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஏறுறேன்னு ஒரு வார்த்தை வரல. நான் கேக்கவும் இல்ல.

…

ஆமா… ஆமா, அதான் நானும் சொல்றேன்… மஞ்சத்தண்ணி ஊத்துன கால்தான்… ஏத்தக்கூடாதுதான்… டீச்சர், இப்ப நீங்க ஏத்தாதேங்கிறீங்களா, ஏத்துங்கிறீங்களா? ஒரு பேச்சா சொல்லுங்க… ஏத்தாதேவா?… தொடக்கூடாதா?… சரி. சரி. கத்தாதீங்க, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். லோரி பயப்படுது.

தண்ணி குடுக்கலாமா?… குடுக்கலாம். சிலிப்பர்?… கூடாதா. சரி, கூடாது.

என்னது?… நம்பிக்கை வரலையா இன்னும்? இப்பத்தானே திட்டுனீங்க, நம்பாமலா திட்டுனீங்க?… நான் சத்தியம் பண்ணா செல்லாதுன்னு எனக்கே தெரியும். இருங்க. போனை சன்னலுக்கு வெளிய பிடிக்கிறேன். கேளுங்க…

…கேட்டுச்சா? அந்தக் கடகடன்னு வர்றது என் எஞ்சின். அதுக்கு மேல ஒரு சத்தம் வருதே, அது சாரு மூச்சு… அதுக்கு நடுவுல என்னமோ முணுமுணுப்பு… வாய்ப்பாடு டீச்சர். பதினேழாம் வாய்ப்பாட்டுல போயிக்கிட்டு இருக்காரு. ஏத்தம் வந்தா வாய்ப்பாடு சொல்றாரு. அணைக்கட்டுகிட்ட ரெண்டுல ஆரம்பிச்சாரு… அப்படியா? வீட்டுலயும் சொல்லுவாரா, பல் புடுங்கப் போனப்பவா?… அப்ப அவருதான். அதை நான் எப்படித் தெரிஞ்சு பொய் சொல்லுவேன், சொல்லுங்க?

அழாதீங்க… சரி, இருமுறீங்க. இருமுங்க.

மணி என்ன உங்ககிட்ட?… நாப்பத்தொம்பதா? எனக்கு அம்பது. பஸ் ஸ்டேசன் மேடு தெரியுது டீச்சர். சார் ஏறிட்டாரு, சீட்டுல ஏறி உக்காந்துட்டாரு. இனிமே சமதரை. இறக்கம்னே சொல்லலாம், எறும்புக்கு. பதினெட்டாம் வாய்ப்பாடு.

…என்ன பண்றாங்க?

வளைவை எறக்குறாங்களா? ஏன்? இன்னும் பத்து நிமிசம் இருக்குல்ல!… காத்தைப் புடுங்கிட்டாங்களா?… ஐயோ. ஐயையோ. டீச்சர், டீச்சர், கேளுங்க. அது… அது என்னால. நான்தான். ரெண்டரைக்கு அந்த ஆளுங்க மூணு தடவ போன் அடிச்சாங்க, 'ஏத்திக்கிட்டு வா, மூட்டை கட்டணும், மழை வரும்'னு. சரி, இவங்க தொல்லை இல்லாம சார் பாட்டுக்கு வரட்டுமேன்னு, 'ஏத்தியாச்சு, வந்துக்கிட்டே இருக்கோம்'னு சொல்லிட்டேன்… ஆமா, நான்தான். நான்தான் சொன்னேன்… திட்டுங்க, அப்புறம் நல்லா உக்காந்து திட்டுங்க, சாயங்காலம் வீட்டுக்கே வர்றேன். இப்ப போயிச் சொல்லுங்க அவங்ககிட்ட! சார் வர்றாரு, சைக்கிள்ல வர்றாரு, மணி இன்னும் ஆகலைன்னு… நான் சொன்னா நம்ப மாட்டாங்க டீச்சர். இந்த மலையில நான் சொன்னா யாரு நம்புவா? நீங்க டீச்சர். நீங்க சொன்னா நம்புவாங்க.

ஓடாதீங்க, மெதுவா… ஓடுறாங்க.

…ஹலோ?… ஆ, சொல்லுங்க… என்ன சொல்றாங்க?… நாலு மணி வரைக்கும் எழுதுவாங்களா? கடியாரம் ஓடுதா? அது போதும். ஆனா என்ன?… வளைவைத் தாண்டுனாத்தான் கணக்கா? வளைவே விழுந்துக்கிட்டு இருக்கே!… மறுபடி காத்தடைக்க எவ்வளவு நேரமாகும்?… கால் மணி நேரமா?

பிடிங்க.

வளைவைப் பிடிங்க டீச்சர்! கையால! நிமித்திப் பிடிங்க!… அது ரப்பர் துணிதான், கூடாரம் மாதிரி… அங்க யாரு நிக்கிறது, அந்தச் சோளம் விக்கிற மணியம்மாவைக் கூப்பிடுங்க, அது நல்ல ஒசரம். அந்தப் பக்கத்தை அது பிடிக்கட்டும். இந்தப் பக்கம் நீங்க. போட்டிக்காரங்க ரெண்டு பேரு நடுவுல கழி குடுக்கட்டும்!

நான் முச்சந்திகிட்ட வந்துட்டேன். லோரியை இதுக்கு மேல விட மாட்டேங்கிறாங்க… பரவால்ல, எனக்கு இங்க இருந்து எல்லாம் தெரியுது. ஒசரமா உக்காந்திருக்கேன்ல… ஏன், உங்களுக்குத் தெரியலையா?… தலைமேல கவுந்துருச்சா? முழுசாவா?… போன் எங்க இருக்கு?… தோளுக்கும் காதுக்கும் நடுவுல. சரி. கையை விட்டுறாதீங்க. துணிக்குள்ளயே நில்லுங்க. நான் சொல்றேன். நான் பாத்துப் பாத்துச் சொல்றேன்.

சார் சந்தைக் கடையைத் தாண்டுறாரு. தனியா வர்றாரு. ரோட்டுல வேற யாரும் இல்ல. சனங்க ரெண்டு பக்கமும் நிக்கிறாங்க… வேகமாவா? இல்ல டீச்சர். அவரு வேகத்துலதான். சாப்பாட்டுக் கடை வாசல்ல ஒருத்தரு தட்டை வச்சுட்டு எந்திரிச்சுட்டாரு… பேங்கைத் தாண்டிட்டாரு. பத்தொம்பதாம் வாய்ப்பாடாத்தான் இருக்கணும், வாய் அசையுது.

நிக்கிறாரு.

நின்னுட்டாரு டீச்சர். ஒரு காலைத் தரையில ஊனிட்டாரு… இல்ல, விழல. வளைவைப் பாக்குறாரு. அது என்னமோ மஞ்ச மாடு படுத்திருக்கிற மாதிரி கெடக்குது, எங்க நுழையறதுன்னு அவருக்குத் தெரியல. கையை இன்னும் தூக்குங்க!… இன்னும்!… அப்படித்தான். மணியம்மா, தூக்கு!… கதவு மாதிரி தெரியுது இப்ப. ஒரு ஆள் குனிஞ்சு போகலாம். சார் பாத்துட்டாரு. உங்க சேலை முந்தானை வெளிய தெரியுது, அதைப் பாத்துட்டாரு. ஏறிட்டாரு. மிதிக்கிறாரு.

அம்பத்தேழு. நேரம் இருக்கு, நேரம் இருக்கு.

முப்பது அடி… இருபத்தஞ்சு… இல்ல டீச்சர், கூட்டிச் சொல்லல, குறைச்சும் சொல்லல. உள்ளதைச் சொல்றேன். என் வாழ்க்கையில இப்படி அடி அடியா உண்மையைச் சொன்னதே இல்ல, வேர்க்குது எனக்கு… பதினஞ்சு… உங்க பக்கமாத்தான் வர்றாரு, அசையாதீங்க… பத்து… தலையைக் குனிஞ்சுட்டாரு… அஞ்சு…

இப்ப உங்களுக்குப் பக்கத்துல சக்கரச் சத்தம் கேக்கணும். கேக்குதா?… கேக்குதா டீச்சர்?

தாண்டிட்டாரு.

தாண்டிட்டாரு டீச்சர். ரெண்டு சக்கரமும். எழுதுறாங்க, பாக்குறேன், அந்தத் தொப்பிக்காரரு எழுதுறாரு. துணிய விட்டுடுங்க. விடுங்க, வெளிய வந்து பாருங்க, நான் சொன்னதை நம்பாதீங்க, பாருங்க…

ஹலோ… டீச்சர்?

…

ஹலோ? யாரு?… சாரா? சார்!… மூச்சு வாங்குங்க, அப்புறமா பேசலாம், லைன் எங்கயும் போகாது… டீச்சர் எங்க?… உக்காந்துட்டாங்களா, ரோட்டுலயேவா?… சிரிக்கிறாங்களா? கேக்குது, கேக்குது. அது இருமல் இல்ல.

எத்தனை மணின்னு போட்டாங்க?… மூணு அம்பத்தொம்பது. பேரு முழுசா எழுதிட்டாங்களா? தகப்பன் பேரோட?… நல்லது சார். நல்லது. ரொம்ப…

என்ன சார்?… வீட்டுக்கா?… மேட்டு வீட்டுக்கு இனிமே நடக்க முடியாதா, ரெண்டு பேராலயும்?… வர்றேன் சார். தடுப்பை எடுக்கச் சொல்லிட்டு இந்தா வர்றேன். சைக்கிள் பின்னாடி கோபிஸ் கூடையோட வரட்டும். நீங்களும் டீச்சரும் முன்னாடி ஏறிக்குங்க… ஏறலாம் சார், இப்ப தாராளமா ஏறலாம், அந்தப் பாட்டியம்மா கேட்டா நான் பேசிக்கிறேன்… இல்ல, உண்மையைத்தான் சொல்லுவேன். வைங்க போனை.